வீட்டிலே ஓர் இருட்டறை

பல வீடுகளில் பழைய டிரங்குப் பெட்டி ஒன்று இருக்கும். அதன் அடியில் சில நெகட்டிவ்கள் கிடக்கும். அதில் இருப்பது தாத்தாவின் முகமாக இருக்கலாம். பெற்றோரின் திருமணமாக இருக்கலாம். வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தால் எல்லாம் தலைகீழாகத் தெரியும். வெள்ளை வேட்டி கறுப்பாக இருக்கும். கறுப்புத் தலைமுடி வெள்ளையாக இருக்கும். இதைப் பார்த்துவிட்டுச் சிலர் குப்பையில் போட்டுவிடுகிறார்கள்.

அப்படிச் செய்யக் கூடாது. நெகட்டிவ் என்பது விதை நெல் போன்றது. அது பத்திரமாக இருந்தால் எத்தனை படங்கள் வேண்டுமானாலும் அச்சிடலாம். முன்பு இந்த வேலையை ஊர் ஸ்டுடியோக்கள் செய்தன. இன்று பெரும்பாலான ஸ்டுடியோக்களில் இருட்டறை இல்லை. எல்லாம் கணினிக்கு மாறிவிட்டது. ஆனால் கறுப்பு வெள்ளைப் படத்தை வீட்டிலேயே அச்சிட முடியும். அதற்கு வேண்டியது ஒரு சிறிய அறை, சில தட்டுகள், மூன்று கரைசல்கள், கொஞ்சம் பொறுமை.

இதில் ஒரு செய்தியை முதலிலேயே மனத்தில் கொள்ள வேண்டும். தாளில் படம் தோன்றுவது பாதி வேலைதான். அந்தப் படம் அழியாமல் நிற்கும்படி செய்வது மீதி வேலை. பலர் முதல் பாதியில் மகிழ்ந்து போய் இரண்டாம் பாதியை மறந்துவிடுகிறார்கள். அதனால்தான் பல படங்கள் சில ஆண்டுகளிலேயே மஞ்சளாகிப் போகின்றன.

நம் நாட்டில் வீட்டு இருட்டறை

வீட்டில் படம் அச்சிடுவது நம் நாட்டுக்குப் புதிது அல்ல. 1854-இல் பம்பாயில் புகைப்படச் சங்கம் தொடங்கியது. 1856-இல் கல்கத்தாவிலும் சென்னையிலும் சங்கங்கள் தோன்றின. ஜெய்ப்பூர் மன்னர் இரண்டாம் சவாய் ராம் சிங் தாமே படம் எடுத்தார். அவர் 1880-இல் காலமானார். அவர் எடுத்த கண்ணாடி நெகட்டிவ்கள் இன்றும் ஜெய்ப்பூர் அரண்மனை அருங்காட்சியகத்தில் உள்ளன.

மன்னர்கள் மட்டும் இதைச் செய்யவில்லை. காசிக்கு எதிர்க்கரையில் ராம்நகர் என்ற ஊர் உள்ளது. அங்கே பினோத் பிகாரி சென் ராய் என்ற ஆசிரியர் வாழ்ந்தார். அவருக்கு 1919-இல் இரட்டைப் பெண் குழந்தைகள் பிறந்தனர். மனோபினா, தேபலினா என்பது அவர்கள் பெயர். அவர்களுக்குப் 12 வயதானபோது தந்தை கேமரா வாங்கிக் கொடுத்தார். படம் எடுக்க மட்டும் அல்ல, கழுவவும் அச்சிடவும் கற்றுக் கொடுத்தார். வீட்டிலேயே இருட்டறை அமைந்தது. இருவரும் பிற்காலத்தில் பெயர் பெற்ற புகைப்படக் கலைஞர்கள் ஆனார்கள். பெண்கள் வெளியே வருவதே அரிதாக இருந்த காலத்தில், வீட்டு இருட்டறை இரண்டு பெண்களுக்கு ஒரு கலையைத் திறந்துவிட்டது.

புகைப்படத் தாளும் பிலிமும் நம் நாட்டிலேயே தயாரான காலம் உண்டு. 1960-இல் உதகமண்டலத்தில் இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் என்ற அரசு நிறுவனம் தொடங்கப்பட்டது. ‘இந்து’ என்ற பெயரில் அதன் பொருள்கள் விற்பனையாயின. அந்த ஆலை இப்போது இயங்கவில்லை. இங்கிலாந்தின் இல்போர்டு, செக் நாட்டின் போமா போன்ற நிறுவனங்களின் தாள்கள் இறக்குமதியாகின்றன. பெரிய நகரங்களில் உள்ள சில கடைகள் அவற்றை அஞ்சலிலும் அனுப்புகின்றன.

இருட்டு எதற்கு?

போட்டோ தாளின் ஒரு பக்கத்தில் மெல்லிய பூச்சு இருக்கிறது. அதில் வெள்ளி உப்புகள் கலந்துள்ளன. ஒளி பட்டவுடன் இந்த உப்பில் ஒரு மாற்றம் நிகழ்கிறது. அது கண்ணுக்குத் தெரியாது. டெவலப்பர் என்ற கரைசலில் போட்டவுடன், ஒளி பட்ட இடத்தில் உள்ள உப்பு கறுப்பு வெள்ளித் துகளாக மாறுகிறது. ஒளி படாத இடம் வெள்ளையாகவே இருக்கிறது. நெகட்டிவில் கறுப்பாக உள்ள இடம் ஒளியைத் தடுக்கும். அந்த இடம் தாளில் வெள்ளையாக வரும். இப்படித் தலைகீழாக இருந்தது நேராகிறது.

வேண்டாத ஒளி பட்டால் தாள் முழுவதும் கறுத்துவிடும். அதனால்தான் இருட்டு தேவை. நல்லவேளையாக, இந்தத் தாளுக்குச் சிவப்பு ஒளி தெரியாது. ஆகவே சிவப்பு விளக்கின் வெளிச்சத்தில் வேலை செய்யலாம்.

எந்த அறை ஏற்றது?

6 அடி நீளம், 4 அடி அகலம் உள்ள இடம் போதும். குளியலறை, சாமான் அறை, மாடிப்படியின் கீழ் உள்ள அறை ஆகியவை ஏற்றவை. சமையலறை வேண்டாம். உணவும் மருந்தும் ஓரிடத்தில் இருக்கக் கூடாது.

சன்னலைக் கறுப்பு அட்டையால் மூட வேண்டும். அட்டையின் ஓரங்களைக் கறுப்பு டேப்பால் ஒட்ட வேண்டும். கதவுக்கு உட்புறம் கெட்டியான கறுப்புத் துணியை இரண்டு மடிப்பாகத் தொங்கவிட வேண்டும். கதவின் அடி இடுக்கில் பழைய துணியைச் சுருட்டி வைக்கலாம். இரவில் வேலை செய்தால் பாதிச் சிரமம் குறையும்.

அறை முழு இருட்டா என்று எப்படி அறிவது? விளக்கை அணைத்துவிட்டு 10 நிமிடம் உள்ளே இருக்க வேண்டும். கண் இருட்டுக்குப் பழகும். அப்போது சிறிய ஓட்டைகள் கூட நட்சத்திரம் போலத் தெரியும். ஒவ்வொன்றாக அடைக்க வேண்டும்.

காற்று வர வழியும் வேண்டும். மருந்து வாடை தேங்கினால் தலைவலி வரும். எக்ஸ்ஹாஸ்ட் மின்விசிறி இருந்தால் நல்லது. அதன் வழியே ஒளி வராதபடி வெளியே ஒரு கறுப்பு மறைப்பு வைக்க வேண்டும். மின்விசிறி இல்லையென்றால், அரை மணிக்கு ஒரு முறை தாளைக் கறுப்பு உறைக்குள் வைத்துவிட்டுக் கதவைத் திறந்து வைக்க வேண்டும்.

சிவப்பு விளக்கும் நாணயச் சோதனையும்

கடையில் விற்கும் ஜீரோ வாட் சிவப்பு பல்பைச் சிலர் போடுகிறார்கள். அதன் பெயர் ஜீரோ வாட் என்றாலும் அது சுமார் 15 வாட் மின்சாரம் எடுக்கும். சிவப்புச் சாயம் மெல்லியதாக இருந்தால் வெள்ளை ஒளியும் கசியும். எனவே எந்த விளக்கானாலும் சோதித்துப் பார்க்க வேண்டும்.

சோதனை எளிது. சிவப்பு விளக்கைப் போட்டு, வேலை செய்யும் இடத்தில் ஒரு துண்டுத் தாளை வைக்க வேண்டும். அதன் மேல் ஒரு நாணயம் வைக்க வேண்டும். 5 நிமிடம் கழித்து நாணயத்தை எடுத்துவிட்டுத் தாளை டெவலப்பரில் போட வேண்டும். தாள் முழுவதும் வெள்ளையாக இருந்தால் விளக்கு நல்லது. நாணயத்தின் வட்டம் தெரிந்தால் விளக்கு சரியில்லை. விளக்கைத் தள்ளி வைக்க வேண்டும் அல்லது மாற்ற வேண்டும். பல்பை மாற்றும் ஒவ்வொரு முறையும் இந்தச் சோதனையைச் செய்ய வேண்டும்.

பிலிம் கழுவும்போது மட்டும் சிவப்பு விளக்கும் கூடாது. இன்றைய பிலிம்கள் பெரும்பாலும் எல்லா நிற ஒளிக்கும் கறுக்கும். பிலிமுக்கு முழு இருட்டு வேண்டும்.

உலர்ந்த பக்கம், ஈரப் பக்கம்

இருட்டறையின் முதல் விதி இதுதான். அறையை இரண்டாகப் பிரிக்க வேண்டும். ஒரு பக்கம் உலர்ந்த பக்கம். தாள், நெகட்டிவ், என்லார்ஜர் ஆகியவை அங்கே இருக்கும். மறுபக்கம் ஈரப் பக்கம். தட்டுகளும் தண்ணீரும் அங்கே இருக்கும். ஈரக் கையோடு உலர்ந்த பக்கம் போகக் கூடாது. ஒரு சொட்டு ஹைப்போ விழுந்தால் நெகட்டிவில் கறை விழும். ஈரக் கை மின்சாரத்தில் பட்டால் உயிரே போகும்.

வேண்டிய பொருள்கள் இவை:

பிளாஸ்டிக் தட்டுகள் 4. மூன்று கரைசல்களுக்கு மூன்று. தண்ணீருக்கு ஒன்று. 8க்கு 10 அங்குலத் தாள் நன்றாகப் படுக்கும் அளவு வேண்டும்.
இடுக்கிகள் 3. ஒவ்வொரு தட்டுக்கும் தனி இடுக்கி.
வெப்பமானி ஒன்று. அளவுக் குவளை ஒன்று.
விநாடி முள் உள்ள கடிகாரம் ஒன்று.
பழுப்பு நிறப் பாட்டில்கள். ரப்பர் கையுறை. பழைய துண்டு.
கீறல் இல்லாத தடித்த கண்ணாடி ஒன்று.

என்லார்ஜர் என்பது நெகட்டிவைப் பெரிதாக்கிக் காட்டும் கருவி. மேலே பல்பு, நடுவில் நெகட்டிவ், கீழே லென்ஸ் இருக்கும். மூடிய ஸ்டுடியோக்களில் பழைய என்லார்ஜர்கள் தூசி படிந்து கிடக்கின்றன. விசாரித்தால் குறைந்த விலைக்குக் கிடைக்கலாம். வாங்கும் முன் லென்ஸில் பூஞ்சை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மின்கம்பி புதிதாக மாற்றப்பட வேண்டும்.

என்லார்ஜர் இல்லாமலும் தொடங்கலாம். பழைய கேமராக்களின் நெகட்டிவ்கள் பெரியவை. அக்பா கிளிக் 3 கேமராவில் 120 பிலிம் போடுவார்கள். அதன் நெகட்டிவ் 6 சென்டிமீட்டர் சதுரம். ஸ்டுடியோக்களின் பழைய நெகட்டிவ்கள் இன்னும் பெரியவை. இவற்றைத் தாளின் மேல் வைத்து, கண்ணாடியால் அழுத்தி, அதே அளவில் அச்சிடலாம்.

மூன்று கரைசல்கள்

முதலாவது டெவலப்பர். இது படத்தை வெளிக்கொண்டு வரும். கடையில் பொட்டலமாகக் கிடைக்கும். தாமே தயாரிக்க விரும்புவோருக்கு டி-72 என்ற பழைய குறிப்பு உண்டு:

50 டிகிரி சூடுள்ள தண்ணீர் 750 மில்லி
மெட்டால் 3 கிராம்
நீரற்ற சோடியம் சல்பைட் 45 கிராம்
ஹைட்ரோகுவினோன் 12 கிராம்
நீரற்ற சோடியம் கார்பனேட் 67.5 கிராம்
பொட்டாசியம் புரோமைடு 2 கிராம்

இந்த வரிசைப்படியே ஒவ்வொன்றாகக் கரைக்க வேண்டும். ஒன்று முழுவதும் கரைந்த பிறகே அடுத்ததைப் போட வேண்டும். கடைசியில் தண்ணீர் சேர்த்து 1 லிட்டர் ஆக்க வேண்டும். வேலை செய்யும்போது 1 பங்குக்கு 2 பங்கு தண்ணீர் கலக்க வேண்டும். பொடிகளை எடை போடும்போது தூசி மூக்கில் ஏறாமல் முகத்தைத் துணியால் கட்டிக்கொள்ள வேண்டும்.

இரண்டாவது, நிறுத்தும் கரைசல். இது டெவலப்பரின் வேலையை உடனே நிறுத்தும். சமையலுக்கு விற்கும் வெள்ளை வினிகர் 1 பங்கு, தண்ணீர் 2 பங்கு கலந்தால் போதும். வாங்கிய வினிகர் பாட்டில் பிறகு சமையலறைக்குத் திரும்பக் கூடாது.

மூன்றாவது ஹைப்போ. இதுதான் படத்தை நிலைக்கச் செய்வது. ஒளி படாமல் மிஞ்சிய வெள்ளி உப்பை இது கரைத்து எடுத்துவிடும். 250 கிராம் ஹைப்போ கற்கண்டையும் 25 கிராம் பொட்டாசியம் மெட்டாபைசல்பைட்டையும் கரைத்து 1 லிட்டர் ஆக்கலாம். ஹைப்போ கரையும்போது தண்ணீர் சில்லென்று ஆகும். எனவே வெதுவெதுப்பான தண்ணீரில் ஹைப்போவைக் கரைக்க வேண்டும். அது ஆறிய பிறகே மெட்டாபைசல்பைட்டைச் சேர்க்க வேண்டும்.

ஒவ்வொரு பாட்டிலிலும் பெயர், தயாரித்த தேதி, ‘விஷம்’ என்ற சொல் மூன்றையும் பெரிய எழுத்தில் எழுதி ஒட்ட வேண்டும். குளிர்பானப் பாட்டிலில் ஊற்றி வைக்கவே கூடாது. தாகத்தோடு வரும் குழந்தை அதைக் குடித்துவிடும்.

வெயிலும் குளிரும்

குறிப்புகளில் 20 டிகிரி செல்சியஸ் என்று எழுதியிருக்கும். நம் நாட்டில் கோடையில் குழாய்த் தண்ணீரே 30 டிகிரிக்கு மேல் இருக்கும். சூடு அதிகமானால் படம் வேகமாகக் கறுக்கும். தாளின் பூச்சு இளகிக் கீறல் விழும். இதற்கு எளிய வழி உண்டு. மண்பானைத் தண்ணீரில் கரைசலைக் கலக்கலாம். டெவலப்பர் தட்டை ஒரு பெரிய தட்டில் வைத்து, சுற்றிலும் பனிக்கட்டித் தண்ணீர் ஊற்றலாம். பனிக்கட்டியை நேராகக் கரைசலில் போடக் கூடாது. கரைசல் நீர்த்துவிடும்.

வட நாட்டுக் குளிர்காலத்தில் நிலைமை நேர்மாறு. 13 டிகிரிக்குக் கீழே போனால் ஹைட்ரோகுவினோன் ஏறக்குறைய வேலை செய்யாது. படம் சாம்பல் நிறமாகச் செத்துப் போய் வரும். அப்போது வெளித்தட்டில் வெந்நீர் ஊற்ற வேண்டும்.

மின்சாரமும் கவனிக்க வேண்டிய ஒன்று. மின்னழுத்தம் ஏறி இறங்கினால் என்லார்ஜர் பல்பின் ஒளியும் ஏறி இறங்கும். ஒரே நேரம் கொடுத்தாலும் ஒரு படம் கறுப்பாகவும் அடுத்தது வெளிறியும் வரும். ஸ்டெபிலைசர் இருந்தால் நல்லது. மின்வெட்டு வந்தால் உடனே எல்லாச் சுவிட்சுகளையும் அணைத்துவிட்டுத் தாளை உறைக்குள் வைக்க வேண்டும். இல்லையென்றால் மின்சாரம் திரும்பும்போது ஒரு பெட்டித் தாளும் வீணாகிவிடும்.

அச்சிடும் முறை

நெகட்டிவுக்கு இரண்டு பக்கம் உண்டு. ஒன்று பளபளப்பு. மற்றொன்று மங்கல். மங்கலான பக்கம் தாளை நோக்கி இருக்க வேண்டும். தாளின் பூச்சுள்ள பக்கம் மேலே இருக்க வேண்டும். மாறினால் படம் கண்ணாடியில் தெரிவது போல இடம் வலமாக வரும்.

எத்தனை விநாடி ஒளி கொடுப்பது? இதற்குத் துண்டுச் சோதனை செய்ய வேண்டும். தாளில் ஒரு அங்குல அகலத் துண்டு ஒன்றை வெட்ட வேண்டும். முகம் விழும் இடத்தில் அதை வைக்க வேண்டும். முழுத் துண்டுக்கும் 5 விநாடி ஒளி கொடுக்க வேண்டும். பிறகு ஐந்தில் ஒரு பாகத்தை அட்டையால் மூடி இன்னும் 5 விநாடி கொடுக்க வேண்டும். இப்படியே அட்டையை நகர்த்திக்கொண்டு போக வேண்டும். கடைசியில் ஒரே துண்டில் 5, 10, 15, 20, 25 விநாடி என்று ஐந்து பட்டைகள் கிடைக்கும். எந்தப் பட்டையில் முகம் சரியாக இருக்கிறதோ அதுவே நேரம். துண்டு முழுவதும் கறுப்பானால் லென்ஸின் துளையைக் குறைக்க வேண்டும். என்லார்ஜர் இல்லாமல் பல்பு ஒளியில் அச்சிடுவோர் 1 விநாடி, 2 விநாடி என்று சோதிக்க வேண்டும்.

சிவப்பு ஒளியில் படம் இருப்பதை விடக் கறுப்பாகத் தெரியும். அதைக் கண்டு பயந்து பலர் தாளைச் சீக்கிரம் எடுத்துவிடுகிறார்கள். அப்படி எடுத்தால் வெளியே வந்து பார்க்கும்போது படம் வெளிறி இருக்கும். கடிகாரத்தைத்தான் நம்ப வேண்டும். கண்ணை நம்பக் கூடாது.

தாளில் இரண்டு வகை உண்டு. பிளாஸ்டிக் பூசிய தாள் ஒன்று. பிளாஸ்டிக் பூசாத தாள் மற்றொன்று. இரண்டுக்கும் நேரம் வேறு.

பிளாஸ்டிக் பூசிய தாளுக்கு டெவலப்பரில் ஒன்று முதல் ஒன்றரை நிமிடம். பூசாத தாளுக்கு 2 முதல் 3 நிமிடம்.
நிறுத்தும் கரைசலில் இரண்டுக்கும் அரை நிமிடம்.
ஹைப்போவில் பூசிய தாளுக்கு 5 நிமிடம். பூசாத தாளுக்கு 10 நிமிடம்.

எல்லாத் தட்டுகளையும் மெல்ல ஆட்டிக்கொண்டே இருக்க வேண்டும். ஹைப்போவில் 2 நிமிடம் ஆன பிறகு வெள்ளை விளக்கைப் போடலாம். ஆனால் அதற்கு முன் தாள் பெட்டி மூடியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

ஹைப்போவை இரண்டு தட்டுகளில் வைத்துப் பாதி நேரம் ஒன்றிலும் பாதி நேரம் மற்றொன்றிலும் போடுவது சிறந்த முறை. முதல் தட்டு பெரும்பகுதி உப்பை எடுத்துவிடும். இரண்டாவது தட்டு மிச்சத்தை எடுக்கும். ஒரு லிட்டரில் 8க்கு 10 அங்குலத் தாள் 20 போட்ட பிறகு முதல் தட்டைக் கொட்டிவிட்டு, இரண்டாவதை முதல் இடத்துக்குக் கொண்டு வர வேண்டும்.

கழுவுவதில்தான் படத்தின் ஆயுள்

படம் தோன்றிவிட்டது. அழகாக இருக்கிறது. வீட்டார் பார்க்கத் துடிக்கிறார்கள். இந்த நேரத்தில்தான் தவறு நடக்கிறது. அவசரமாக ஒரு முறை அலசிவிட்டுக் காயப்போடுகிறார்கள்.

ஹைப்போ தாளுக்குள் தங்கினால் என்ன ஆகும்? அதில் கந்தகம் இருக்கிறது. நாளடைவில் அது படத்தில் உள்ள வெள்ளியோடு சேர்கிறது. கறுப்பு நிறம் பழுப்பாகிறது. வெள்ளை இடம் மஞ்சளாகிறது. முகம் மங்கிப் போகிறது. பழைய ஆல்பங்களில் ஒரே ஆண்டில் எடுத்த இரண்டு படங்களில் ஒன்று பளிச்சென்றும் மற்றொன்று மஞ்சளாகவும் இருப்பதைப் பார்க்கலாம். பெரும்பாலும் வேறுபாடு கேமராவில் இல்லை. கழுவியதில்தான் இருக்கிறது.

பிளாஸ்டிக் பூசிய தாள் கரைசலை அதிகம் உறிஞ்சாது. ஓடும் தண்ணீரில் 4 நிமிடம் கழுவினால் போதும். பூசாத தாள் உறிஞ்சிக்கொள்ளும். அதற்கு 1 மணி நேரம் வேண்டும்.

தண்ணீர்ப் பஞ்சம் உள்ள ஊரில் ஒரு மணி நேரம் குழாயைத் திறந்துவிட முடியுமா? வேண்டியதில்லை. தட்டில் தண்ணீர் நிரப்பி, தாளைப் போட்டு, 5 நிமிடம் ஆட்ட வேண்டும். தண்ணீரை முழுவதும் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீர் நிரப்ப வேண்டும். இப்படி 12 முறை மாற்றினால் நன்றாகக் கழுவப்படும். நேரத்தைக் குறைக்கவும் வழி உண்டு. முதலில் 5 நிமிடம் அலசிவிட்டு, 1 லிட்டர் தண்ணீரில் 20 கிராம் சோடியம் சல்பைட் கரைத்து அதில் 10 நிமிடம் போட வேண்டும். பிறகு அரை மணி நேரம் கழுவினால் போதும்.

கழுவியது போதுமா என்று அறிய ஒரு சோதனை இருக்கிறது. மருந்துக் கடையில் பொட்டாசியம் பர்மாங்கனேட் கிடைக்கும். ஒரு சிறு துணுக்கைத் தண்ணீரில் போட்டால் இளஞ்சிவப்பு நிறம் வரும். அதை இரண்டு கண்ணாடிக் குவளைகளில் ஊற்ற வேண்டும். ஒன்றில் குழாய்த் தண்ணீரில் சில சொட்டு விட வேண்டும். மற்றொன்றில் கழுவிய படத்திலிருந்து வடியும் தண்ணீரில் சில சொட்டு விட வேண்டும். இரண்டாவது குவளையில் மட்டும் நிறம் மாறினால் ஹைப்போ இன்னும் இருக்கிறது. மறுபடியும் கழுவ வேண்டும். இரண்டும் ஒரே நிறமாக இருந்தால் படம் காயத் தயார்.

பூசிய தாளைக் கிளிப்பில் தொங்கவிட்டுக் காய வைக்கலாம். பூசாத தாளைச் சுத்தமான வலையின் மேல் படம் கீழே இருக்கும்படி வைத்தால் அதிகம் சுருளாது. வெயிலில் காய வைக்கக் கூடாது.

நெகட்டிவைக் காப்பது

அச்சிட்ட பிறகு நெகட்டிவைத் தூக்கி எறியக் கூடாது. டெல்லியில் குல்வந்த் ராய் என்ற பத்திரிகைப் புகைப்படக்காரர் இருந்தார். காந்தி, நேரு முதலிய தலைவர்களைப் படம் எடுத்தவர். அவர் 1984-இல் காலமானார். அவருடைய நெகட்டிவ்களும் படங்களும் பல ஆண்டுகள் பெட்டிகளில் கிடந்தன. பிறகு ஆதித்ய ஆர்யா என்ற புகைப்படக் கலைஞர் அவற்றைத் திறந்து ஒழுங்குபடுத்தினார். விடுதலைக் காலத்தின் அரிய காட்சிகள் நாட்டுக்குத் திரும்பக் கிடைத்தன.

நெகட்டிவை ஓரத்தில் மட்டுமே பிடிக்க வேண்டும். ஒவ்வொன்றையும் தனித் தாள் உறையில் போட்டு, ஆளின் பெயரும் ஆண்டும் உறையின் மேல் எழுத வேண்டும். மழைக்காலத்தில் பூஞ்சை பிடிக்கும். எனவே இறுக மூடும் டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வைக்க வேண்டும். வினிகர் வாடை அடிக்கும் நெகட்டிவைத் தனியாகப் பிரித்து வைத்து, முதலில் அதை அச்சிட வேண்டும். அது கெட ஆரம்பித்துவிட்டது என்று பொருள். 1950-க்கு முந்தைய பிலிம்களில் சில எளிதில் தீப்பற்றும். அவற்றை அடுப்புக்கும் சூடான பல்புக்கும் தள்ளியே வைக்க வேண்டும்.

உயிருக்குப் பாதுகாப்பு

மெட்டால் சிலருக்குத் தோல் அரிப்பையும் புண்ணையும் உண்டாக்கும். கையை நேராகக் கரைசலில் விடக் கூடாது. இடுக்கியும் கையுறையும் வேண்டும். கண்ணில் பட்டால் நிறையத் தண்ணீரால் கழுவிவிட்டு மருத்துவரிடம் போக வேண்டும்.

குளியலறையில் கழிப்பறை கழுவும் ஆசிட் பாட்டில் இருக்கும். பிளீச்சிங் பவுடரும் இருக்கும். வேலை தொடங்கும் முன் இவற்றை வெளியே எடுத்து வைக்க வேண்டும். ஹைப்போவில் ஆசிட் கலந்தால் மூச்சை அடைக்கும் வாயு கிளம்பும். மூடிய அறையில் அது ஆபத்து.

என்லார்ஜருக்கு மூன்று முள் பிளக்கும் சரியான எர்த் இணைப்பும் வேண்டும். மின்கசிவு ஏற்பட்டால் தானே அணையும் சுவிட்சை எலக்ட்ரீஷியனிடம் சொல்லிப் பொருத்த வேண்டும். சுவிட்சுப் பலகை ஈரப் பக்கத்தில் இருக்கக் கூடாது.

பயன்படுத்திய ஹைப்போவில் வெள்ளி கலந்திருக்கிறது. இதைக் கிணற்றிலோ குளத்திலோ வயலிலோ கொட்டக் கூடாது. மீனுக்கும் நுண்ணுயிர்களுக்கும் அது நஞ்சு. தனி பிளாஸ்டிக் கேனில் சேர்த்து வைக்க வேண்டும். எக்ஸ்ரே ஹைப்போவை வாங்கி வெள்ளி பிரிப்பவர்கள் சில ஊர்களில் உண்டு. அவர்களிடம் கொடுக்கலாம்.

வேலை முடிந்ததும் தட்டுகளைக் கழுவ வேண்டும். தரையை ஈரத் துணியால் துடைக்க வேண்டும். சிந்திய கரைசல் காய்ந்தால் தூளாகப் பறக்கும். அது மூச்சிலும் போகும், அடுத்த படத்திலும் கறையாக விழும். பாட்டில்களை அலமாரியில் வைத்துப் பூட்ட வேண்டும். சாவி குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் இருக்க வேண்டும்.

முதல் நாள் ஒரே ஒரு நெகட்டிவை எடுத்துக்கொண்டால் போதும். அதைச் சரியாக அச்சிட்டு, சரியாகக் கழுவி, பின்புறம் பென்சிலால் பெயரும் ஆண்டும் எழுதி வைக்க வேண்டும். நன்றாகக் கழுவிய படம் பேரப்பிள்ளைகள் காலத்திலும் கறுப்பு கறுப்பாகவும் வெள்ளை வெள்ளையாகவும் இருக்கும்.